சிடியைப் போட்டுவிட்டு நகரலாமா? எக்ஸ்பி தானாக இன்ஸ்டால் ஆவது பற்றி வாசகர் கேள்வி பதில்

பழைய விண்டோஸை, ஆள் கூடவே உட்கார்ந்திருக்காமல் தானாகவே இன்ஸ்டால் ஆகும்படி செய்வது பற்றி நிறையக் கேள்விகள் சேர்ந்துவிட்டன. இந்த முறை பக்கம் முழுவதும் அதற்கே.

கேள்வி (விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஓர் ஆசிரியர்): எங்கள் பள்ளி லேபில் 12 கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. எல்லாமே பழையவை, எக்ஸ்பி தவிர வேறு எதுவும் அவற்றில் ஒழுங்காக ஓடாது. வருடத்துக்கு ஒரு தடவையாவது ஃபார்மட் அடித்து மறுபடி போட வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து எஃப்8, என்டர், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று அழுத்தியே சனி, ஞாயிறு போய்விடுகிறது. சிடியைப் போட்டுவிட்டு நகர்ந்தால் அதுவே முடித்துக்கொள்ளும்படி செய்ய முடியுமா? தனியாக ஏதாவது சாஃப்ட்வேர் வாங்க வேண்டுமா?

பதில்: முடியும், எதுவும் வாங்க வேண்டாம். பெரிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான மெஷின்களுக்கு விண்டோஸ் போட வேண்டியிருக்கும் என்பதால் மைக்ரோசாஃப்டே இதற்கு ஒரு கருவியைச் செய்து எக்ஸ்பி சிடிக்குள் வைத்திருக்கிறது. பலரும் அந்த ஃபோல்டரைத் திறந்தே பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

முதலில் எக்ஸ்பி இன்ஸ்டால் எங்கெங்கே நம்மைப் பிடித்து நிறுத்துகிறது என்று பாருங்கள். முதல் கட்டம் நீலத் திரை. அதில் லைசென்ஸுக்கு எஃப்8, எந்தப் பார்ட்டிஷன், எந்த ஃபார்மட் என்று கேட்டுவிட்டு ஃபைல்களை காப்பி செய்து ரீஸ்டார்ட் ஆகும். இரண்டாம் கட்டத்தில் மவுஸ் வந்துவிடும், ஓரத்தில் இன்னும் 39 நிமிடம் என்று போடுமே அதுதான். அங்கே மொழி, பெயர், ப்ராடக்ட் கீ, கம்ப்யூட்டர் பெயர், அட்மின் பாஸ்வேர்டு, தேதி, டைம் ஜோன், நெட்வொர்க் என்று வரிசையாகக் கேட்கும், அதுவும் ஒரே இடத்தில் கேட்காமல் கொஞ்சம் ஓடி, நின்று, ஒன்று கேட்டு, மறுபடி கொஞ்சம் ஓடி. இதனால்தான் டீ குடிக்கப் போய்விட்டுத் திரும்பினால் அது பாதியில் டைம் ஜோன் கேட்டுக்கொண்டு நிற்கிறது. கடைசியில் வெல்கம் பக்கங்கள் வேறு. இத்தனைக்கும் உரிய பதில்களை முன்கூட்டியே ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதிக் கொடுத்துவிட்டால் செட்டப் அதைப் படித்துக்கொண்டு போய்விடும். அதற்குப் பெயர் ஆன்சர் ஃபைல்.

அதைக் கையால் டைப் செய்ய வேண்டியதில்லை. சிடியில் சப்போர்ட் என்ற ஃபோல்டர், அதற்குள் டூல்ஸ், அதற்குள் டிப்ளாய் என்ற கேப் ஃபைல் (பல ஃபைல்களைச் சுருக்கி வைத்த பொட்டலம்). அதை டபுள் கிளிக் செய்து உள்ளே இருப்பதையெல்லாம் ஹார்ட் டிஸ்கில் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். அதில் செட்டப் மேனேஜர் இருக்கும். புதிய ஆன்சர் ஃபைல், அன்அட்டெண்டட் இன்ஸ்டால், எக்ஸ்பி ப்ரொஃபஷனல், முழு ஆட்டோமேட்டிக் என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால் அது ஒவ்வொரு கேள்வியையும் உங்களிடம் ஒருமுறை கேட்டு ஃபைலை எழுதிக் கொடுத்துவிடும். டைம் ஜோனில் இந்தியாவுக்கு எண் 190 என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அட்மின் பாஸ்வேர்டை மறைத்து எழுதச் சொல்லி ஒரு டிக் இருக்கும், அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஃபைலைத் திறக்கும் எந்த மாணவனும் படித்துவிடலாம்.

இப்போது முக்கியமான இடம். செட்டப் மேனேஜர் எழுதிய ஃபைலை நோட்பேடில் திறந்தால் மேலேயே டேட்டா என்ற பகுதியில் ஆட்டோபார்ட்டிஷன் என்று ஒரு வரி இருக்கும், அதற்கு எதிரே 1 என்று போட்டிருக்கும். அந்த 1-ஐ 0 ஆக மாற்றுங்கள். 1 என்று இருந்தால், போதிய இடம் இருக்கிற, ஏற்கெனவே விண்டோஸ் இல்லாத முதல் பார்ட்டிஷனை செட்டப் தானே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். உங்கள் லேபில் சி-யில் பழைய எக்ஸ்பி இருக்கிறது, டி-யில் பிள்ளைகளின் ப்ராஜெக்ட் இருக்கிறது என்றால் புது எக்ஸ்பி டி-யில் போய் உட்கார்ந்துகொள்ளும். சிலர் அதற்குப் பதில் ரீபார்ட்டிஷன் என்ற வரியைச் சேர்த்துவிடச் சொல்கிறார்கள். அது இன்னும் மோசம்: முதல் ஹார்ட் டிஸ்கில் இருக்கிற எல்லாப் பார்ட்டிஷனையும் ஒரு வார்த்தை கேட்காமல் அழித்துவிட்டு ஒன்றே ஒன்றை உருவாக்கும். தேர்வு மதிப்பெண், சம்பளப் பட்டியல், பழைய மாணவர் புகைப்படங்கள், எல்லாம் போச்சு.

0 என்று வைத்தால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் செட்டப் நின்று உங்களைக் கேட்கும். முழு ஆட்டோமேட்டிக் இல்லையே என்று நினைக்காதீர்கள். அந்தக் கேள்வி வருவது சிடி ஓட ஆரம்பித்த முதல் சில நிமிடங்களில், நீங்கள் இன்னும் அந்த மெஷின் முன்னால்தான் நிற்கிறீர்கள். சரியான பார்ட்டிஷனைக் காட்டி என்டர் அடித்து, ஃபார்மட் எப்படி என்று சொல்லிவிட்டு அடுத்த மெஷினுக்கு நகர்ந்துவிடலாம். நேரத்தைத் தின்பது பின்னால் சிதறி வருகிற கேள்விகள்தான், அவற்றை ஃபைல் பார்த்துக்கொள்ளும். எல்லாவற்றையும் ஆட்டோமேட் செய்யுங்கள், டிஸ்கை அழிக்கிற முடிவை மட்டும் மெஷினிடம் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. ஹார்ட் டிஸ்கில் ஒன்றுமே இல்லாத புது மெஷின் என்றால்கூட அந்தப் பழக்கத்தை விட வேண்டாம், ஏனென்றால் அதே ஃபைலை அடுத்த வருடம் யாரோ ஒருவர் நிறைந்த டிஸ்கில் பயன்படுத்துவார்.

ஃபைலை எங்கே வைப்பது? சிடியை மாற்றாமலே செய்யலாம். செட்டப் மேனேஜர் கொடுத்த ஃபைலுக்கு வின்என்டி என்று பெயர் மாற்றி (டபிள்யூ, ஐ, என், என், டி), எக்ஸ்டென்ஷனை எஸ், ஐ, எஃப் என்று வைத்து ஒரு ஃப்ளாப்பியில் காப்பி செய்யுங்கள். அசல் எக்ஸ்பி சிடியில் பூட் ஆகும்போது ஃப்ளாப்பி டிரைவில் அந்தப் பெயரில் ஃபைல் இருந்தால் செட்டப் அதை எடுத்துக்கொள்ளும். உங்கள் மெஷின்கள் பழையவை என்பதால் ஃப்ளாப்பி டிரைவ் இருக்க வாய்ப்பு அதிகம், இல்லாவிட்டால் ஒரு டிரைவைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். இதில் பெரிய வசதி, மெஷினுக்கு ஒரு ஃப்ளாப்பி வைத்து ஒவ்வொன்றிலும் கம்ப்யூட்டர் பெயரையும் ப்ராடக்ட் கீயையும் தனித்தனியாக எழுதி வைக்கலாம். கேபினட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் கீ அந்தந்த மெஷினுக்குத்தான் உரியது, 12-க்கும் ஒரே கீயைப் போடுவது சரியல்ல. இன்னொன்று, மெஷினோடு வந்த கீ கடையில் தனியாக விற்ற சிடியில் ஏறாது, கீ எந்த வகையோ சிடியும் அதே வகையாக இருக்க வேண்டும். பள்ளிக்கு வால்யூம் லைசென்ஸ் (பல மெஷின்களுக்கும் சேர்த்து வாங்குவது) இருந்தால் மட்டும் ஒரே கீ போதும், ஆக்டிவேஷனும் கேட்காது.

செய்து பார்க்கும்போது பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் சிக்கல் வரும். ஒன்று, விண்டோஸ் தெரிந்த எக்ஸ்டென்ஷன்களை மறைத்து வைப்பதால் நீங்கள் எஸ்ஐஎஃப் என்று பெயர் வைத்தாலும் உண்மையில் அதன் வாலில் டாட் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொண்டிருக்கும். செட்டப் எந்தப் பிழையும் காட்டாது, ஃபைலே இல்லாதது போல வழக்கமான கேள்விகளைக் கேட்க ஆரம்பித்துவிடும். ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் எக்ஸ்டென்ஷனை மறைப்பதை எடுத்துவிட்டுப் பெயரைச் சரிபாருங்கள். இரண்டாவது, பயாஸில் (மெஷினை ஆன் செய்ததும் விண்டோஸுக்கு முன்னால் வரும் அமைப்புத் திரை) பூட் வரிசையில் ஃப்ளாப்பிக்கு முன்னால் சிடி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது ஃப்ளாப்பியிலிருந்து பூட் ஆகப் பார்த்து அங்கேயே நின்றுவிடும். மூன்றாவது, சிடியிலிருந்து பூட் ஆக ஏதாவது கீயை அழுத்து என்று ஒரு வரி வரும். அதை முதல் தடவை மட்டும் அழுத்துங்கள். ரீஸ்டார்ட் ஆகி மறுபடி வரும்போது யாரும் தொடக்கூடாது, சும்மா விட்டால் அது ஹார்ட் டிஸ்குக்குப் போய் இரண்டாம் கட்டத்தைத் தொடரும். இந்த வரி வராமல் இருக்க சிடியில் பூட்ஃபிக்ஸ் என்ற ஃபைலை அழித்துவிடலாம் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அப்படிச் செய்தால் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டிலும் சிடியே பூட் ஆகி முதலிலிருந்து ஆரம்பிக்கும், நீங்கள் பக்கத்தில் நின்று சிடியை உருவ வேண்டியதுதான். ஆட்டோமேட்டிக் என்பதற்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

எல்லாம் முடிந்து வெல்கம் பக்கத்தில் வந்து நின்றால் ஃபைலில் அன்அட்டெண்டட் என்ற பகுதியின் கீழ் அன்அட்டெண்ட் ஸ்விட்ச் (ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் ஒரே சொல்லாக), ஈக்வல், யெஸ் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள், நேராக டெஸ்க்டாப் வந்துவிடும்.

கடைசியாக ஒன்று, இது கேட்காமலே சொல்வது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. லேபுக்குள் ஒன்றோடொன்று இணைத்துக்கொள்ளுங்கள், இன்டர்நெட்டில் மட்டும் இணைக்காதீர்கள். பிள்ளைகள் பென் டிரைவ் கொண்டுவருவதற்கும் ஒரு மெஷினை ஒதுக்கி அங்கே ஸ்கேன் செய்தபிறகு மற்றதில் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (சிவகாசியிலிருந்து டிடிபி வேலை செய்பவர்): கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் வேலைகள் எல்லாம் இன்னும் பேஜ்மேக்கரில்தான் செய்கிறேன். பழைய மெஷின் போய்விட்டது, செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கினேன். அதில் எக்ஸ்பி சிடி ஓட ஆரம்பித்து ஃபைல் ஏற்றுகிறபோதே நீலத் திரை வந்து 7பி என்று முடியும் ஒரு எண்ணைக் காட்டி நின்றுவிடுகிறது. இதைச் சரிசெய்து, என் தமிழ் ஃபான்ட்டுகளும் தானாகவே ஏறும்படி ஒரு சிடி தயாரித்து வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: 7பி என்றால் செட்டப்புக்கு ஹார்ட் டிஸ்கைப் பிடிக்கத் தெரியவில்லை என்று பொருள். எக்ஸ்பி 2001 அக்டோபரில் வந்தது. அதற்குப் பிறகு வந்த மதர்போர்டுகளில் சாட்டா டிஸ்க் ஏஹெச்சிஐ என்ற முறையில் ஓடுகிறது, அதற்கான டிரைவர் எக்ஸ்பி சிடியில் கிடையாது. சுலபமான வழி, பயாஸுக்குள் போய் சாட்டா மோடை ஐடிஇ அல்லது கம்பேட்டிபிள் என்று மாற்றுவது. பேஜ்மேக்கர் வேலைக்கு அதனால் வேகம் குறைந்ததாகத் தெரியாது, நான் அதையே சொல்வேன். அந்த ஆப்ஷனே பயாஸில் இல்லை என்றால் டிரைவரை சிடிக்குள்ளேயே சேர்க்க வேண்டும். அதற்கு என்லைட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது: எக்ஸ்பி சிடியை ஹார்ட் டிஸ்கில் காப்பி செய்து அதைக் காட்டினால், சர்வீஸ் பேக் 3-ஐச் சேர்ப்பது, சாட்டா டிரைவரைச் சேர்ப்பது, ஆன்சர் ஃபைலுக்கான பதில்களை நிரப்புவது, பூட் ஆகிற ஐஎஸ்ஓ (சிடியில் எழுதுவதற்கான ஒரே ஃபைல்) தயாரிப்பது வரை எல்லாம் ஒரே இடத்தில் முடியும். டிரைவரைச் சேர்க்கும்போது டெக்ஸ்ட் மோட் டிரைவர் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனென்றால் டிஸ்க் தேவைப்படுவது முதல் கட்ட நீலத் திரையிலேயே. வாங்கின மெஷின் ரொம்பப் புதிதாக, பழைய பயாஸுக்குப் பதிலாக வந்த யுஇஎஃப்ஐ மட்டுமே உள்ளதாக இருந்தால் 32 பிட் எக்ஸ்பி அதில் பூட்டே ஆகாது, லெகஸி அல்லது சிஎஸ்எம் என்ற ஆப்ஷன் இருக்கிறதா பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபான்ட் விஷயம். என்லைட் உங்கள் சிடி காப்பியில் ஐ386 என்ற ஃபோல்டரை வைத்திருக்கும். அதற்குள் அல்ல, அதற்குப் பக்கத்தில் ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். பெயர் ஓஇஎம், அதன் முன்னாலும் பின்னாலும் ஒவ்வொரு டாலர் குறி. அதற்குள் இரண்டு டாலர் குறியை மட்டும் பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர், அதற்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்று. இரண்டு டாலர் என்றால் விண்டோஸ் ஃபோல்டர் என்று செட்டப் புரிந்துகொள்ளும், ஆகவே அங்கே வைக்கிற ஃபான்ட் ஃபைல்கள் எல்லாம் விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குப் போய்விடும். அதே ஓஇஎம் ஃபோல்டருக்குள் டாலரும் 1-ம் சேர்த்து இன்னொரு ஃபோல்டர் வைத்தால் அதில் இருப்பது சி டிரைவின் மேல்மட்டத்துக்குப் போகும், உங்கள் டெம்ப்ளேட், பார்டர், பிள்ளையார் படம் எல்லாம் அங்கே வைக்கலாம். ஆன்சர் ஃபைலில் ஓஇஎம் ப்ரீஇன்ஸ்டால் என்பது யெஸ் என்று இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும், அதை மறந்துவிட்டு ஃபான்ட் வரவில்லை என்று தேடுகிறவர்கள் அதிகம்.

தமிழ் வேலைக்கு இன்னொன்றும் தேவை. பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தெரியாது, அதனால் அதில் உங்கள் பழைய ஃபான்ட்டுகள்தான். ஆனால் கஸ்டமர் இப்போது மேட்டரை யூனிகோடில்தான் அனுப்புகிறார், அதை எக்ஸ்பியில் திறந்தால் கட்டம் கட்டமாகவோ, கொம்பும் காலும் இடம் மாறியோ தெரியும். லதா ஃபான்ட் எக்ஸ்பியோடு வருகிறது, ஆனால் இந்திய மொழிகளுக்கான ஆதரவு இயல்பாக ஆன் ஆகியிருக்காது. கண்ட்ரோல் பேனலில் போய் டிக் போட்டு சிடியைக் கேட்கும்போது கொடுக்க வேண்டும். ஆன்சர் ஃபைலிலேயே இதைச் செய்துவிடலாம்: செட்டப் மேனேஜரில் மொழிகள் என்ற பக்கத்தில் இண்டிக் என்பதைத் தேர்ந்தெடுத்தால் மொழிக் குழு 15 என்று எழுதிவிடும். என்லைட்டில் சிடியின் அளவைக் குறைக்கிறேன் என்று லாங் ஃபோல்டரை மட்டும் எடுத்துவிடாதீர்கள், தமிழுக்கான ஃபைல்கள் அதில்தான் இருக்கின்றன. அந்த மென்பொருளில் எதையும் நீக்கவே வேண்டாம் என்பேன், சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பேஜ்மேக்கரையும் தானாக இன்ஸ்டால் செய்யலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஒரே ஒரு மெஷினுக்கு அந்த மெனக்கெடல் தேவையில்லை, கையாலேயே போட்டுவிடுங்கள்.

கேள்வி (கல்லூரி மாணவர், திருச்சி): ரெடிமேடாகவே ஆட்டோ எக்ஸ்பி என்று ஐஎஸ்ஓ நிறையக் கிடைக்கிறதே, கீயும் உள்ளேயே இருக்கிறது. அதை இறக்கி எழுதிவிட்டால் போதாதா?

பதில்: வேண்டாம். லைசென்ஸ் பிரச்சினை ஒரு பக்கம். அதைவிட, அதற்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. இன்ஸ்டால் நடக்கும்போது ஓடுகிற புரோகிராமுக்கு மெஷினில் எதையும் செய்ய உரிமை உண்டு, ஆன்டிவைரஸே இன்னும் வராத நேரம் அது. நீங்கள் டைப் செய்வதையெல்லாம் திருட்டுத்தனமாகப் பதிவு செய்யும் ஒரு கீலாகர் முதல் நாளிலிருந்தே உட்கார்ந்திருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. போதாததற்கு அதில் பல ஐஎஸ்ஓக்கள் நான் மேலே சொன்ன ரீபார்ட்டிஷன் வரியோடு வருகின்றன, பூட் ஆன சில நிமிடங்களில் டிஸ்க் சுத்தம். நீங்களே எழுதிய ஆன்சர் ஃபைல் ஒரு பக்கம்கூட வராது, ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று படித்துப் பார்க்கலாம். டிப்ளாய் கேப்பிலேயே ரெஃப் என்ற ஹெல்ப் ஃபைல் ஒன்று இருக்கிறது, எல்லா வரிகளுக்கும் விளக்கம் அதில் உண்டு. மாணவர்தானே, அதைப் படியுங்கள், நெட்டில் இருக்கிற பாதி கட்டுரைகளைவிடத் தெளிவானது.

கேள்வி (யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வாசகி): எங்கட அலுவலகத்தில எக்ஸ்பி தானாகப் போடுறதுக்கு ஃபைல் எழுதியாச்சு, எல்லாம் சரி. ஆனால் நேரம் மட்டும் அரை மணித்தியாலம் முன்னுக்குக் காட்டுது. ஏன்?

பதில்: இலங்கை டைம் ஜோனைத்தான் தேர்ந்தெடுத்திருப்பீர்கள், எண் 200. எக்ஸ்பி வந்த காலத்தில் இலங்கை நேரம் கிரீன்விச்சைவிட 6 மணி நேரம் முன்னால் இருந்தது. 2006 ஏப்ரலில் அதை மறுபடி ஐந்தரை மணி ஆக்கினார்கள். பழைய சிடிக்கு அது தெரியாது. விண்டோஸ் அப்டேட் போடாத மெஷினில் அது மாறாது, எக்ஸ்பியை இன்டர்நெட்டில் இணைக்க வேண்டாம் என்று வேறு சொல்லிவிட்டேன். ஆன்சர் ஃபைலில் 200-க்குப் பதில் 190 போடுங்கள். பட்டியலில் இந்திய நகரங்களின் பெயர் காட்டும், நேரம் சரியாக இருக்கும்.

கேள்வி (மதுரையில் சர்வீஸ் கடை வைத்திருப்பவர்): எதற்கு இவ்வளவு சிரமம்? ஒரு மெஷினில் நன்றாகப் போட்டுவிட்டு கோஸ்ட் மென்பொருளால் டிஸ்கை அப்படியே நகல் (இமேஜ்) எடுத்து மற்றதில் இறக்கினால் பத்து நிமிட வேலைதானே?

பதில்: எல்லா மெஷினும் ஒரே மாடல், ஒரே மதர்போர்டு என்றால் நீங்கள் சொல்வதே நல்ல வழி, நானும் அதைத்தான் செய்யச் சொல்வேன். கோஸ்டுக்குப் பதில் இலவசமான க்ளோன்ஸில்லாவும் இதைச் செய்யும். வேறு வேறு மாடல் என்றால்தான் தொல்லை. எக்ஸ்பி இன்ஸ்டால் ஆகும்போது அந்த மதர்போர்டுக்கு ஏற்ற டிஸ்க் டிரைவர், ஹெச்ஏஎல் என்ற அடித்தட்டு ஃபைல் இவற்றைத் தேர்ந்தெடுத்து வைத்துவிடுகிறது, இன்டெல் சிப்செட்டில் எடுத்ததை வேறொரு சிப்செட்டில் இறக்கினால் அதே 7பி வந்து நிற்கும். உங்கள் கடைக்கு வருகிற மெஷின்கள் ஒவ்வொன்றும் ஒரு ரகமாகத்தான் இருக்கும், ஆகவே ஆன்சர் ஃபைல் உங்களுக்குத்தான் அதிகம் உதவும்.

க்ளோன் செய்தால் இமேஜ் எடுப்பதற்கு முன் சிஸ்ப்ரெப் ஓட்டிவிடுங்கள், அதுவும் டிப்ளாய் கேப்பிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் பெயர், எஸ்ஐடி என்கிற அடையாள எண் எல்லாவற்றையும் நீக்கிவிட்டு, இறக்கிய மெஷினில் முதல் தடவை ஆன் செய்யும்போது சின்னதாக ஒரு செட்டப் ஓடும். அதற்கும் ஒரு ஆன்சர் ஃபைல் கொடுக்கலாம். எஸ்ஐடி ஒன்றாக இருந்தால் நெட்வொர்க்கே கெட்டுவிடும் என்று ரொம்ப நாள் நம்பினோம். அதை மாற்றுவதற்கென்றே நியூஎஸ்ஐடி என்ற கருவியை எழுதிய மார்க் ருசினோவிச் 2009-இல் தானே அதை நிறுத்திவிட்டு, அந்தப் பயத்துக்குப் பெரிய ஆதாரம் இல்லை என்று விளக்கி எழுதினார். ஆனாலும் மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொள்கிற முறை சிஸ்ப்ரெப்தான், அதனால் ஓட்டிவிடுங்கள்.

கேள்வி (சேலம்): எக்ஸ்பி கதை சரி, என்னிடம் இருப்பது விண்டோஸ் 7. அதற்கும் இதே ஃபைல்தானா?

பதில்: இல்லை, அங்கே எல்லாமே மாறிவிட்டது. 7-க்கு எக்ஸ்எம்எல் ஃபைல், பெயர் ஆட்டோஅன்அட்டெண்ட். அதைத் தயாரிக்க மைக்ரோசாஃப்ட் இலவசமாகக் கொடுத்த விண்டோஸ் ஏஐகே தொகுப்பில் சிஸ்டம் இமேஜ் மேனேஜர் என்ற கருவி உண்டு. ஒரு விதத்தில் எக்ஸ்பியைவிடச் சுலபம்: ஃபைலை ஒரு பென் டிரைவின் மேல்மட்டத்தில் வைத்துச் செருகிவிட்டு அசல் டிவிடியில் பூட் செய்தால் போதும், செட்டப் தானே தேடி எடுத்துக்கொள்ளும்.

இங்கேயும் டிஸ்கை அழிப்பதற்கு ஒரு வரி இருக்கிறது, வில் வைப் டிஸ்க் என்று. நெட்டில் கிடைக்கும் மாதிரி ஃபைல்களில் பெரும்பாலும் அது ட்ரூ என்றே இருக்கும். டிஸ்க் அமைப்பு, எந்த டிஸ்கில் இன்ஸ்டால் என்ற இரண்டு பகுதிகளையும் ஃபைலிலிருந்து முழுக்க எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் மட்டும் திரையில் வந்து கேட்கும், அதுவும் ஆரம்பத்திலேயே. பென் டிரைவ் என்பதால் ஆபத்து இன்னும் அதிகம் என்பதை யோசியுங்கள்: அழிக்கிற வரியோடு அந்த ஃபைல் உள்ள பென் டிரைவ் ஏதோ ஒரு மெஷினில் மாட்டியிருக்கும்போது யாராவது விண்டோஸ் டிவிடியைப் போட்டு பூட் செய்தால் அந்த மெஷினின் டிஸ்க் போய்விடும். வேலை முடிந்ததும் ஃபைலின் பெயரை மாற்றி வையுங்கள், பென் டிரைவின் மேல் ஒரு லேபிளும் ஒட்டுங்கள். பாஸ்வேர்டு அதில் புரியாத எழுத்துகளாகத் தெரியும், அது வெறும் பேஸ்64 மாற்றம், யார் வேண்டுமானாலும் திருப்பிப் படிக்கலாம்.

2015-க்குப் பிறகு வந்த இன்டெல் மதர்போர்டுகளில் 7-ஐப் போட்டால் முதல் பக்கத்திலேயே கீபோர்டும் மவுஸும் செத்துவிடுவது பலருக்கும் நடக்கிறது. யுஎஸ்பி 3.0 டிரைவர் 7-இன் டிவிடியில் இல்லாததுதான் காரணம். பிஎஸ்2 சாக்கெட் இருந்தால் அந்தக் கீபோர்டை மாட்டுங்கள், இல்லாவிட்டால் டிரைவரைச் சேர்த்த இமேஜ் தேவை. 7-க்கும் ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்துவிட்டது, இன்டர்நெட் பற்றி எக்ஸ்பிக்குச் சொன்னதே இதற்கும்.

கேள்வி (அதே ஆசிரியர், இன்னொரு கடிதத்தில்): நேராக லேபில் செய்து பார்க்கப் பயமாக இருக்கிறது. வீட்டில் ஒரு லேப்டாப்தான் இருக்கிறது. அதில் பழகிப் பார்க்க வழி உண்டா?

பதில்: விர்ச்சுவல்பாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே ஒரு கற்பனைக் கம்ப்யூட்டரை உருவாக்கி ஓட்டும் மென்பொருள் அது. அதில் எக்ஸ்பிக்கென்று ஒரு மெஷின் உருவாக்கி, ஸ்டோரேஜ் ஐடிஇ என்று இருக்கிறதா பாருங்கள், சாட்டா என்றால் அங்கேயும் 7பி வரும். ஃப்ளாப்பி கண்ட்ரோலர் ஒன்றைச் சேர்த்து, ஃபைலை வைத்த ஃப்ளாப்பி இமேஜை மாட்டிவிட்டால் உண்மையான மெஷினில் நடப்பது அப்படியே நடக்கும். டிஸ்க் வெறும் ஒரு ஃபைல் என்பதால் எத்தனை தடவை அழிந்தாலும் கவலையில்லை. முதலில் காலியான டிஸ்கில் ஓடவிடுங்கள், அப்புறம் லேபில் இருப்பது போலவே சி, டி என்று பிரித்து, டி-யில் நாலு ஃபைல் போட்டு மறுபடி ஓடவிடுங்கள். இரண்டாவது சோதனைதான் முக்கியம். அது முடிந்தபிறகு டி-யைத் திறந்து அந்த நாலு ஃபைலும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸுக்கே சொந்தமாக ஆட்டோமேட்டிக் இன்ஸ்டால் வசதி உண்டு, 2022-இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து புது மெஷின் உருவாக்கும் பக்கத்திலேயே அது வந்துவிட்டது. நீங்கள் ஐஎஸ்ஓவைக் காட்டினால் அது தானே ஒரு ஆன்சர் ஃபைலை எழுதிக் கொடுத்து இன்ஸ்டாலை முடித்துவிடும். அதை அணைத்துவிட்டு உங்கள் ஃபைலை மட்டும் வைத்துச் சோதியுங்கள், இல்லாவிட்டால் ஓடியது யாருடைய ஃபைல் என்றே தெரியாது. லேபிலும் 12-ஐயும் ஒரே நாளில் தொட வேண்டாம். டி-யில் இருப்பதை வேறொரு டிஸ்கில் காப்பி எடுத்துவிட்டு ஒரு மெஷினில் போடுங்கள், ஒரு வாரம் பிள்ளைகள் அதில் வேலை செய்யட்டும், பிரிண்டரும் நெட்வொர்க்கும் ஒழுங்காக ஓடினால் மற்ற 11 ஃப்ளாப்பியையும் எழுதலாம்.